கல்லும் காயணும், மீனும் காயணும்

அடுப்படி அக்கா பதில்கள், மும்பை வாசகர்களுக்காக

ரெண்டு இதழுக்கு முன்னாடி பேச்சோட பேச்சா ஒரு வரி எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமை வாங்குற மீன்ல பாதி குழம்புக்கு போயிரும், மீதிய அன்னிக்கு ராத்திரியே மசாலா தடவி கல்லுல சுட்டு காய்கறி மேல வச்சு சாப்ட்ருவோம், அந்த வேளைக்கு சோறே கிடையாதுன்னு. அவ்ளோதான் எழுதினது. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல. மீன கொண்டு போய் சாலட்ல போடுறதான்னு திட்டினவங்களும் உண்டு, அதுல எங்க மாமியாரும் ஒருத்தர், அவங்க லெட்டர் போடல, நேராவே சொல்லிட்டாங்க. சரி, ஒவ்வொண்ணா பாப்போம்.

கேள்வி: அக்கா, நான் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்து சேர மணி எட்டு ஆயிடுது. அதுக்கப்புறம் சோறு வடிச்சு குழம்பு வைக்க தெம்பு இல்ல. அந்த மீன் சாலட்ட அளவோட முழுசா சொல்லுங்களேன். எங்க வீட்டுக்காரர் தட்ட பாத்துட்டு "இது தொட்டுக்க, சாப்பாடு எங்க?"ன்னு கேக்குற ஆளு, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க. (முலுண்ட் வாசகி)

பதில்: முதல்ல வீட்டுக்காரர் விஷயத்த முடிச்சிருவோம். சாலட்னா வெள்ளரிக்காயும் தக்காளியும் வட்டமா வெட்டி தட்டோரம் அடுக்குறதுன்னு நாம பழகிட்டோம், அத பாத்தா யாரா இருந்தாலும் சாப்பாடு எங்கன்னு தான் கேப்பாங்க. வயிறு நெறையணும்னா அடியில கனமா ஒண்ணு இருக்கணும். காலையில கெளம்பும்போது ஒரு கை கொண்டக்கடலை ஊற போட்டுட்டு போங்க, வந்ததும் குக்கர்ல ஏத்திட்டு குளிக்க போயிருங்க. மறந்துட்டீங்கன்னா சக்கரவள்ளிக்கிழங்க வேக வச்சுக்கங்க, இல்ல பாசிப்பருப்ப அரை மணி நேரம் ஊற வச்சா போதும், அது வேகவே வேண்டாம். நம்ம கோசுமல்லில போடுறோமே அதே பருப்பு. இங்க பக்கத்து வீட்டு மராட்டிக்காரங்க கோஷிம்பீர்னு ஒண்ணு பண்றாங்க, கிட்டத்தட்ட அதே ஜாதி தான், ஆனா அவங்க வறுத்த வேர்க்கடலைய பொடிச்சு மேல தூவுறாங்க பாருங்க, அந்த ஒண்ண மட்டும் நான் திருடிட்டேன். மீனுக்கு அது அவ்ளோ பொருத்தம்.

இப்ப மீன். ரெண்டு பேருக்கு வஞ்சிரம் 400 கிராம், இங்க சுர்மய்னு கேக்கணும், நாலு துண்டு வர்ற மாதிரி. துண்டு ஒரு விரல் தடிமன் இருக்கட்டும், 2 சென்டிமீட்டர்னு வைங்களேன். மார்க்கெட்ல மீன் விக்கிற மாவ்ஷி வெட்டும்போது பக்கத்துலயே நின்னு சொல்லுங்க, விட்டா அவங்க வறுவலுக்கு வெட்டுற மாதிரி மெல்லிசா சீவிருவாங்க, அது மேல செவக்கறதுக்குள்ள உள்ள காஞ்சு சக்கையா போயிரும்.

கழுவின மீன பழைய பருத்தி துணில ஒத்தி எடுங்க. அழுத்தி தொடைங்க, பாவம் பாக்காதீங்க. அப்புறம் அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டு சிட்டிகை மஞ்சத்தூள் தடவி ஒரு தட்டுல பரப்பி ஃப்ரிட்ஜ்ல மூடாம வைங்க, கால் மணி நேரம். வெளிய எடுக்கும்போது மேல முத்து முத்தா தண்ணி விட்டிருக்கும், திரும்ப ஒத்தி எடுக்கணும். இத சோம்பேறித்தனப்பட்டு விட்டுட்டு அப்புறம் எனக்கு லெட்டர் போடாதீங்க, ஏன்னா மொத்த சமையலும் இந்த ஒரு இடத்துல தான் இருக்கு. மீன் மேல தண்ணி இருக்கற வரைக்கும் கல்லோட சூடெல்லாம் அந்த தண்ணிய ஆவியாக்கவே போயிரும், தண்ணி 100 டிகிரிக்கு மேல ஏறாது, மீன் செவக்கணும்னா மேல்பக்கம் 140 டிகிரிக்காவது போகணும். ஈர மீன கல்லுல போட்டா அது வறுபடாது, அவியும். அவிஞ்ச மீன் கல்லுல ஒட்டும், ஒட்டுனத சுரண்டுவோம், மீன் உதிரும், உடனே கல்லு சரியில்லன்னு கல்ல திட்டுவோம்.

மசாலா உலர்ந்த பொடியா இருக்கணும். காஷ்மீரி மிளகாத்தூள் ஒன்றரை டீஸ்பூன், கொரகொரன்னு பொடிச்ச மிளகு அரை, சோம்பு பொடிச்சது அரை, சீரகத்தூள் அரை, அரிசி மாவு ஒண்ணு. இஞ்சி பூண்டு விழுது வேண்டவே வேண்டாம். தெரியும், கை தானா அந்த டப்பா பக்கம் போகும், எனக்கும் போகும், நாங்க தூத்துக்குடி பக்கம், பூண்டு இல்லாம மீனான்னு வளந்தவங்க. ஆனா அந்த விழுது ஈரம், அதோட இவ்ளோ சூட்டுல பூண்டு மொதல்ல கருகி கசந்துரும். பூண்டு வாசம் வேணும்னா காய்ல பெரட்டுற டிரெஸ்ஸிங்ல போட்டுக்கலாம்.

மீன் மேல லேசா எண்ணெய் தடவி, பொடிய ரெண்டு பக்கமும் தூவி கையால தட்டி விடுங்க. இரும்பு தோசைக்கல்ல நல்லா காய விடுங்க, மூணு நாலு நிமிஷம், தண்ணி தெளிச்சா முத்தா உருண்டு ஓடணும். ரெண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு மீன வைங்க. வச்சதோட கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. மூணு நிமிஷம் தொடக்கூடாது, நகத்தக்கூடாது, கரண்டியால எட்டிப்பாக்க கூடாது. செவந்ததும் அதுவே கல்ல விட்டு வந்துரும், வரலன்னா இன்னும் ஆகலன்னு அர்த்தம். திருப்பி போட்டு ரெண்டு நிமிஷம், அவ்ளோதான். நடுமுள்ளுகிட்ட சதை கண்ணாடி மாதிரி இல்லாம வெள்ளையாகி, விரலால தொட்டா இதழ் இதழா பிரியணும். வீட்டுல தெர்மாமீட்டர் வச்சிருக்கற ஆளா இருந்தா 63 டிகிரி. எறக்கினப்புறம் எலுமிச்சம்பழம் பிழிங்க, கல்லுல இருக்கும்போது பிழியாதீங்க.

காய் உங்க இஷ்டம். வெள்ளரிக்காய கீறி விதைய வழிச்சு எடுத்துருங்க, அதுல தான் தண்ணி. கேரட், வெங்காயம், சீசன்னா மாங்கா, ரெண்டு கை லெட்டூஸ். லெட்டூஸ் கெடைக்கலன்னா இளசா முட்டக்கோஸ மெல்லிசா அரிஞ்சு உப்பு போட்டு பிசறி பிழிஞ்சுக்கங்க, எனக்கு உண்மையிலயே லெட்டூஸ விட அது தான் பிடிக்கும். கீரை வகை எதுவா இருந்தாலும் கழுவினப்புறம் துணில சுருட்டி ஒதறி காய வச்சுருங்க, ஈர இலைல டிரெஸ்ஸிங் ஒட்டாது, எல்லாம் தட்டு அடியில குளமா நிக்கும். டிரெஸ்ஸிங்குக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்ச சாறு, ரெண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், உப்பு, துளி வெல்லம், ஒரு பச்ச மிளகாயும் ஒரு பல் பூண்டும் நசுக்கினது. ஒரு பாட்டில்ல ஊத்தி குலுக்குங்க. அத காய்ல பெரட்டுங்க, மீன் மேல ஊத்தாதீங்க, இவ்ளோ கஷ்டப்பட்டு மொறுமொறுன்னு ஆக்குனத நாமளே நனைச்சு கெடுக்கவா? கடலை, காய், வேர்க்கடலைப் பொடி, கொத்தமல்லி, மேல சூட்டோட மீன். குளிக்கற நேரத்த சேர்க்காம இருபத்தஞ்சு நிமிஷம்.

கேள்வி: லோயர் பரேல்ல ஒரு ரெஸ்டாரெண்ட்ல பிளாக்கண்ட் ஃபிஷ் சாலட்னு ஆர்டர் பண்ணேன். கன்னங்கரேல்னு வந்துச்சு. கருகிருச்சேன்னு கேட்டா, இல்ல சார் இது தான் ஸ்டைல்னுட்டாங்க. பில்லு 900 ரூபாய தாண்டிருச்சு. ஏமாந்துட்டேனா அக்கா? (தாராவி வாசகர்)

பதில்: தம்பி, ஸ்டைல் நிஜம் தான். ஆனா உங்க தட்டுல வந்தது ஸ்டைலா கருகலான்னு நாக்கு தான் சொல்லணும். அந்த சமையல பிரபலமாக்கினது அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்காரர், பால் புருடோம்னு ஒரு குண்டு சமையல்காரர், 1979ல கே-பால்ஸ்னு அங்க ஒரு ஹோட்டல் ஆரம்பிச்சாரு. ரெட்ஃபிஷ்ங்கற மீன உருக்கின வெண்ணெய்ல முக்கி, மிளகா மிளகு தைம் ஓரிகானோன்னு ஏகப்பட்ட பொடிய அப்பி, புகை வர்ற அளவுக்கு காஞ்ச வார்ப்பிரும்பு சட்டில போட்டு எடுப்பாரு. கருப்பா தெரியறது மீன் இல்ல, அந்த வெண்ணெயும் மசாலாவும் சேந்து கருத்த ஓடு. ஓட்ட உடைச்சா உள்ள வெள்ளையா, ஈரமா இருக்கணும். 1980கள்ல இது அங்க பைத்தியம் மாதிரி பரவி, ஊர்ல இருக்கற எல்லா ஹோட்டலும் ரெட்ஃபிஷ் கேக்க, கடல்ல அந்த மீனே கொறஞ்சு போயி அரசாங்கம் அத பிடிக்க கட்டுப்பாடு போடற அளவுக்கு போச்சு. ஒரு ரெசிபி ஒரு மீன் ஜாதியவே காலி பண்ண பாத்துச்சுன்னா பாத்துக்கங்க.

நீங்க சாப்பிட்டது வாய்ல காரமா, வறுத்த மசாலா வாசத்தோட இருந்துச்சா, அப்ப ஸ்டைல். நாக்குல கசந்து தொண்டைய பிடிச்சுச்சா, அப்ப கருகல், 900 ரூபாய் போனது போனது தான்.

வீட்டுல ட்ரை பண்றதா இருந்தா ரெண்டு எச்சரிக்கை. நான்ஸ்டிக்ல வேண்டாம், வெறும் நான்ஸ்டிக்க அந்த அளவுக்கு சூடு பண்ணா 260 டிகிரி தாண்டினதும் அந்த கோட்டிங் சிதைய ஆரம்பிக்கும். இன்னொண்ணு, ஜன்னல தொறந்து வச்சுட்டு ஆரம்பிங்க, மிளகாப்பொடி புகை ஒரு ரூம் வீட்டுல என்ன பண்ணும்னு உங்களுக்கு சொல்லவா வேணும். வெண்ணெய்க்கு பதிலா நெய் போட்டுக்கங்க, வெண்ணெய்ல இருக்கற பால் சத்து சீக்கிரம் கருகும், நெய்ல அது கெடையாது. அவ்ளோ கருப்பும் வேணாம், நம்ம ருசிக்கு ஆழ்ந்த செவப்பே போதும்.

கேள்வி: மீன் சாலட்டுக்கு தயிர் டிரெஸ்ஸிங் போடலாம்னு என் மருமக சொல்றா. மீனும் தயிரும் சேந்தா வெண்குஷ்டம் வரும்னு எங்க அம்மா சொல்லி வளத்தாங்க. நான் சொன்னா அவ சிரிக்கறா. (செம்பூர் வாசகி)

பதில்: அம்மா, உங்க மருமக சிரிக்கறது தப்பு, ஆனா அவ சொல்றது சரி. ஆயுர்வேதத்துல மீனையும் பாலையும் சேக்க கூடாத ஜோடின்னு எழுதி வச்சிருக்காங்க, அதுல இருந்து தான் நம்ம வீடுங்களுக்கு இந்த பேச்சு வந்துச்சு. ஆனா அந்த வெண்புள்ளி வர்றது தோலுக்கு நிறம் குடுக்கற செல்லுங்க அழியறதால, பெரும்பாலும் நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அதுங்கள தாக்குறதால. அது சாப்பாட்டு ஜோடியால வர்றதுன்னு இது வரைக்கும் நிரூபணம் ஆகல. அது தொத்தவும் செய்யாது, பழைய பேர்ல "குஷ்டம்"னு ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டு இருக்கே தவிர தொழுநோய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வங்காளத்துல தயிர்ல மீன் போட்டு குழம்பே வைக்கறாங்க, தலைமுறை தலைமுறையா சாப்பிடறாங்க.

மீனோ பாலோ ஒத்துக்காத உடம்புன்னா அது வேற கதை, அவங்க தொடவே வேண்டாம். உங்களுக்கு மனசு ஒப்பலன்னா எலுமிச்ச டிரெஸ்ஸிங் போட்டுக்கங்க, அவளுக்கு தயிர். ஒரே வீட்டுல ரெண்டு கிண்ணம் இருந்தா என்ன குடி முழுகியா போயிரும்? தயிர்னா துணில கட்டி தொங்கவிட்டு தண்ணி வடிச்சுக்க சொல்லுங்க, இல்லாட்டி சாலட் மோர்க்குழம்பாயிரும்.

கேள்வி: காலையில 6 மணிக்கு மீன் சுட்டு டப்பால போட்டு டோம்பிவிலில இருந்து சர்ச்கேட் பக்கம் ஆபீசுக்கு கொண்டு போறேன், மத்தியானம் 1 மணிக்கு சாப்பிடறேன். போன வாரம் சாப்பிட்ட அரை மணில முகமெல்லாம் செவந்து அரிச்சு தலைவலி. மீன் நாறவே இல்ல. அலர்ஜியா? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: மொதல்ல டாக்டர பாருங்க, அலர்ஜியா இல்லையான்னு அவங்க தான் சொல்லணும், நான் அடுப்படி ஆளு. ஆனா நீங்க சொல்ற அறிகுறியோட ஒரு விஷயம் ஒத்துப்போகுது, அத அவங்ககிட்ட சொல்லுங்க. வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீனுங்க பிடிச்சதுல இருந்து ஐஸ்ல இல்லாம கெடந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு சேந்துரும். நாத்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. பெரிய கொடுமை என்னன்னா, அத வேக வச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஃப்ரீசர்ல வச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் செவக்கும், அரிக்கும், தலைவலி, சிலருக்கு படபடப்பு.

அதனால தப்பு உங்க டப்பால மட்டும் இல்லாமலும் இருக்கலாம், வாங்கின எடத்துலயே வெயில்ல கெடந்திருக்கலாம். ஐஸ் மேல இருக்கற மீனா பாத்து வாங்குங்க, வீட்டுக்கு வந்ததும் நேரா ஃப்ரிட்ஜுக்கு போகட்டும், "டீ குடிச்சுட்டு கழுவிக்கலாம்"ங்கறது கூடாது. சமைச்ச மீனே ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்க கூடாதுங்கறது பொதுவான கணக்கு, 32 டிகிரி தாண்டின நாள்ல ஒரு மணி நேரம் தான், ஏழு மணி நேரம் டப்பால, அதுவும் சென்ட்ரல் லைன் ரயில் கூட்டத்துல, நெனச்சாலே எனக்கு வயித்த கலக்குது. ராத்திரியே சுட்டு, ஆற விட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, காலையில ஐஸ் பேக்கோட எடுத்துட்டு போயி ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வைக்க முடிஞ்சா கொண்டு போங்க. முடியாதுன்னா மத்தியானத்துக்கு கொண்டக்கடலை சாலட், மீன் ராத்திரிக்கு.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டில பாதி பேர் சைவம். மீன் சுட்டா லிஃப்ட் வரைக்கும் வாசம் போயி மீட்டிங்ல பேச்சு வருது. (காட்கோபர் வாசகி)

பதில்: நம்ம வீட்டுல என்ன சமைக்கறோம்ங்கறது நம்ம இஷ்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா சண்டை போட்டுகிட்டே சாப்பிட்டா மீன் எறங்காது, அதனால ஒரு யோசனை. நாத்தம் பெருசா வர்றது பழைய மீன்ல, அப்புறம் பொரிச்ச எண்ணெய்ல. இது ரெண்டு ஸ்பூன் எண்ணெய், அஞ்சு நிமிஷ வேலை. எக்ஸாஸ்ட போட்டுட்டு ஆரம்பிங்க, கழுவின தண்ணிய உடனே கொட்டிருங்க, செதிலையும் முள்ளையும் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வச்சு குப்பைக்காரர் வர்ற நேரத்துல குடுங்க. கல்லு ஆறினதும் எலுமிச்சந்தோல வச்சு தேச்சுருங்க. அதுக்கப்புறமும் பேசினாங்கன்னா பேசட்டும்.

கேள்வி: மழைக்காலத்துல நல்ல மீன் கெடைக்கலையே, ஃப்ரோசன் பாசா மீன் வாங்கி பண்ணேன், வெளுத்து போயி தண்ணியா விட்டுச்சு. (வாஷி வாசகி)

பதில்: இங்க மகாராஷ்டிராவுல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மெஷின் படகுங்க கடலுக்கு போகாது, மீன் குஞ்சு பொரிக்கற காலம், அதோட கடலும் கொந்தளிக்கும். நம்ம ஊர்ப்பக்கம் கிழக்கு கரையில ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14ல தடை முடியுது. அதனால ஜூன் மொத ரெண்டு வாரம் ரெண்டு கரையும் மூடிக்கெடக்கும், அந்த பதினாலு நாள் மீன் ஆசைய அடக்கிட்டு முட்டைய சுட்டு போட்டுக்கங்க, தப்பில்ல. அப்புறம் அந்த பக்கத்து மீன் வர ஆரம்பிக்கும், விலை தான் கண்ண கட்டும்.

ஃப்ரோசன்னா மொத நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து கீழ் தட்டுக்கு எறக்கி வைங்க, ஒரு சல்லடை மேல வச்சா விடற தண்ணி கீழ வடிஞ்சிரும். வெந்நில போட்டு அவசரமா ஐஸ் விட வைக்கற வேலை வேண்டாம். பாசால தண்ணி அதிகம், அத ஒத்தி ஒத்தி எடுத்தா கூட சுமாரா தான் செவக்கும். ஃப்ரோசன்லயே ராவஸ் கெடைச்சா அத வாங்குங்க, நம்ம காலா மீன், கொஞ்சம் கொழுப்பு இருக்கும், கல்லுல ஜம்முனு செவக்கும்.

கேள்வி: எனக்கு அஞ்சாவது மாசம். இந்த சாலட் சாப்பிடலாமா? (சயான் வாசகி)

பதில்: சந்தோஷம் கண்ணு. சாப்பிடலாம், மூணு மாத்தத்தோட. சின்ன மீன தின்னு வளர்ற பெரிய மீன்ல பாதரசம் அதிகம் சேரும், அமெரிக்க உணவுத்துறை கர்ப்பிணிங்க சுறா, வாள்மீன், கிங் மேக்கரல் எல்லாம் தவிர்க்கணும்னு சொல்லுது, நம்ம வஞ்சிரம் அந்த கிங் மேக்கரலுக்கு பங்காளி. அதனால இப்போதைக்கு மத்தி, கானாங்கெளுத்தின்னு சின்ன மீனா எடுத்துக்கங்க, இங்க தார்லி, பாங்டான்னு கேளுங்க. பாங்டாவ முழுசா ரெண்டு பக்கமும் மூணு மூணு கீறல் போட்டு சுட்டுட்டு சதைய உதிர்த்து போட்டுக்கலாம். வாரத்துக்கு ரெண்டு மூணு வேளை போதும். ரெண்டாவது, நடுவுல பச்சையா இல்லாம முழுசா வெந்திருக்கணும். மூணாவது, மொளகட்டின பயற பச்சையா போடாதீங்க, வேக வச்சு போடுங்க, ஊற வச்ச பாசிப்பருப்புக்கு பதிலாவும் வேக வச்சதே இருக்கட்டும். செக்கப்புக்கு போகும்போது டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க.

கேள்வி: பொம்பில்ல பண்ணலாமா? (மாஹிம் வாசகர்)

பதில்: அண்ணே, பொம்பில் மீனா தண்ணியான்னு எனக்கு இன்னும் முடிவாகல. நம்ம ஊர்ல வங்காரவாசிங்கறோமே அதே தான், சதை ஜெல்லி மாதிரி, கல்லுல வச்சா திருப்பறதுக்குள்ள கூழாயிரும். இங்க மீன்காரங்க அத நடுவுல கீறி, முள்ளெடுத்து, விரிச்சு, உப்பு தடவி ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு மேல ஒரு கல்ல ஏத்திருவாங்க, தண்ணியெல்லாம் வடிஞ்சு அப்பளம் மாதிரி ஆனப்புறம் தான் ரவைல பெரட்டி வறுப்பாங்க. அப்படி பண்ணீங்கன்னா சாலட் மேல ஒடச்சு தூவிக்கலாம், பிரமாதமா இருக்கும். எங்க வீட்டுல அதுக்குன்னே அம்மிக்குழவிய வச்சிருக்கேன், அரைக்கறதுக்கு அத தொட்டு வருஷம் அஞ்சாச்சு.